வீடு முழுக்க ஒரே பச்சை

தம்பி,

புது வீட்டுக்கு உள்ள முழுக்க அந்த மங்கின பச்சையே அடிக்கப் போறோம்னு சொன்னியே, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. போன்ல எல்லாத்தையும் சொல்ல முடியல, நீ கிளம்புற அவசரத்துல இருந்தே, அதான் எழுதுறேன். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து படிங்க.

ரூமுக்கு ஒரு கலர்னு அடிச்சா ஒவ்வொரு கதவுகிட்டயும் வீடு துண்டு துண்டா நிக்கும். ஒரே கலர்னா ஹால்ல நின்னு பார்க்கும்போதே கண்ணு தடுக்காம உள் ரூம் வரைக்கும் போகும், சின்ன வீடுகூட தாராளமாத் தெரியும். ஆனா பளிச்சுன்னு இருக்கிற பச்சையை நாலு சுவத்துலயும் அடிச்சா தாங்காது. பகல் வெளிச்சத்துல நம்ம கண்ணு அதிகமா உணர்றதே பச்சைப் பக்கத்து ஒளியைத்தான், அதோட அலைநீளம் 555 நானோமீட்டர் கிட்டன்னு சொல்லுவாங்க, அவ்வளவு எடுப்பாத் தெரியுற கலரை சாம்பல் கலந்து அடக்கி வச்சாத்தான் வருஷக்கணக்கா கூட இருக்க முடியும்ங்கிறது என் எண்ணம்.

மருமக பயப்படுறாளே, ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுமோன்னு, அது நியாயமான பயம்தான். 1914ல சான் பிரான்சிஸ்கோல ஹாரி ஷெர்மன்னு ஒரு சர்ஜன், ஆபரேஷன் தியேட்டரோட வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசுதுன்னு பச்சை அடிக்க வச்சார். ரத்தச் சிவப்பையே பார்த்துட்டு இருந்த கண்ணு வெள்ளைப் பக்கம் திரும்பினா பச்சையா ஒரு நிழல் மிதக்கும், சுவரே பச்சையா இருந்தா அது அவ்வளவா தெரியாது. ஆக கண்ணுக்கு இதமா இருக்கணும்னு வந்த கலர்தான் அது. ஆஸ்பத்திரின்னு தோண வைக்கிறது நீலம் கலந்த வெளிர் பச்சை, பளபளன்னு எனாமல், மேல வெள்ளை டியூப்லைட், இது மூணும் சேர்றதுதான். நீங்க கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயுற, சாம்பல் கலந்த ஷேடா எடுத்து, பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ்ல அடிச்சு, 2700, 3000 கெல்வின்னு போட்டிருக்கிற மஞ்சள் வெளிச்ச பல்பு போட்டா அந்த நினைப்பே வராது. 6500 கெல்வின் வெள்ளை பல்பு வெளிச்சத்துல அதே சுவர் நீலமடிச்சு விறைப்பா நிக்கும். அதனால முதல்ல பல்பை முடிவு பண்ணுங்க, அப்புறம் பெயிண்ட்.

இப்ப முக்கியமான விஷயம். டப்பா ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு ரூம்லயும் கலர் வேற வேற. ஷேட் கார்டைப் பார்த்தோ போன்ல இருக்கிற போட்டோவைப் பார்த்தோ முடிவு பண்ணாதே, கேமரா தானாவே கலரை மாத்திக் காட்டும். சாம்பிள் டப்பா வாங்கி ரெண்டு பெரிய அட்டைல ரெண்டு கோட் அடிச்சு, நல்லா காய விட்டு (ஈரத்துல பார்த்துட்டு ஐயோ இது இல்லையேன்னு பதறாதே), ரூம் ரூமா எடுத்துட்டுப் போய் சுவத்துல சாத்தி வை. ஒண்ணை மூலைல ரெண்டு சுவர் சேர்ற இடத்துல வை. காலைல, மத்தியானம், ராத்திரி லைட் போட்டு, மூணு நேரமும் பாரு. வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கம் இளசா மஞ்சள் தெரியும், அதே அட்டை வெளிச்சம் இல்லாத நடைல பச்சையே போய் வெறும் சாம்பலா நிக்கும், பார்த்தா ஒரே பெயிண்டான்னு சந்தேகமே வரும். பழைய சுவத்து மேலயே நேரா திட்டு திட்டா அடிச்சுப் பார்க்காதே, சுத்தி இருக்கிற பழைய கலர் கண்ணைக் குழப்பிடும். அப்புறம் ஒண்ணு, நாலு சுவரும் ஒண்ணை ஒண்ணு பிரதிபலிக்கும்போது கலர் அட்டைல பார்த்ததை விட அழுத்தமாத்தான் வரும், அதனால ரெண்டு ஷேடுக்கு நடுவுல தடுமாறினா சாம்பல் கூட இருக்கிறதை எடு.

எல்.ஆர்.வி.ன்னு ஒரு நம்பர் இருக்கும், சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்னு 0லேர்ந்து 100 வரைக்கும் சொல்றது, கடைல கேட்டா சொல்லுவாங்க. உங்க நடைக்கு அது 60 கிட்ட இருந்தா நல்லது, 40க்குக் கீழ போனா பகல்லயே லைட் போட வேண்டி வரும். சீலிங்குக்கு அதே கலரைப் பாதி அளவு கலவைல கேளு, தூய வெள்ளை அடிச்சா சுவர் முடியுற இடத்துல வெட்டின மாதிரி கோடு விழும், எனக்கு அது பிடிக்காது. கிச்சன், பாத்ரூம் துடைக்க வேண்டிய இடம், அங்க அதே ஷேட், லேசா பளபளக்கிற சாட்டின் ஃபினிஷ்ல. கதவு, ஜன்னல் ஃபிரேமையும் அதே பச்சைல விடலாம், ஆனா பளபளப்பு ஏற ஏற கலர் ஒரு படி ஆழமாத் தெரியும், சுவத்துல இருக்கிற மேடு பள்ளமும் வெளிய வந்துடும், புட்டி வேலை சுத்தமா இருந்தாத்தான் அந்தப் பக்கம் போகணும்.

பெயிண்டர்கிட்ட ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடு, ஒரே ஃபினிஷ்ல வாங்கின டப்பா எல்லாத்தையும் ஒரு பெரிய பக்கெட்ல ஊத்திக் கலந்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். ஒரே நம்பர்ல கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா லேசா மாறும், சுவர் நடுவுல டப்பா மாறினா அங்க ஒரு கோடு தெரியும், மங்கின கலர்ல அது நல்லாவே தெரியும். பழைய சுவர் அடர்ந்த கலரா இருந்தா வெள்ளை பிரைமர் ஒரு கோட், அது வேண்டாம்னு பெயிண்டர் சொன்னா ஒத்துக்காதே.

முடிஞ்சதும் மீந்ததை காத்துப் போகாத சின்ன பாட்டில்ல நிரப்பி, ஷேட் நம்பர், ஃபினிஷ், எந்த ரூம், எந்த மாசம் அடிச்சதுன்னு எழுதி ஒட்டி வை. சோபா உரசுற இடத்துக்கு டச்சப் பண்ண வேண்டி வரும்.

அட்டை எந்த ரூம்ல சரியா வரலன்னு எழுது, அந்த ரூமுக்கு மட்டும் என்ன செய்யலாம்னு யோசிப்போம்.

அம்மா