கேடயம் கிடைத்தது, படகு கசிகிறது: ஒரு ஜவுளி நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜவுளி நிறுவன நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சென்ற புதன்கிழமை உங்கள் கடையின் ஆண்டு விழாவில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் உயிர்களைக் காப்பாற்றிய 11 பேருக்குப் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தீர்கள். அவர்களில் ஆறு பேரின் பெயர்களை உங்கள் மேலாளருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். நான் கூப்பிட்டதால்தான் அவர்கள் வந்தார்கள். அன்று அவர்கள் பட்ட வருத்தத்தில் எனக்கும் பங்கு இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் வெளியே தெரியாதவர்களைத் தேடிப் பாராட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது நல்ல மனம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டியல் கேட்டு மேலாளர் வந்தபோது, இத்தனை நாள் கழித்தாவது ஒருவர் கேட்கிறாரே என்று மகிழ்ந்தேன்.

அந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், குளங்கள் உடைந்து தாமிரபரணியோடு சேர்ந்து ஊருக்குள் வந்ததும் நீங்களும் பார்த்தவைதான். உங்கள் கிட்டங்கியிலும் தண்ணீர் புகுந்தது என்று கேள்விப்பட்டேன். ஆனால் விழாவில் மூன்றாவதாக மேடையேறிய மீனவரைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது.

டிசம்பர் 19ஆம் தேதி காலை, எங்கள் தெரு வீடு ஒன்றின் மொட்டைமாடியில் 18 பேர் இருந்தோம். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. கைக்குழந்தைக்குக் கொடுத்த மழைநீரும் தீர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் அந்த ஃபைபர் படகு வந்தது. கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றி, தண்ணீர் தொடங்கும் இடத்தில் இறக்கி, மின்கம்பிகளைத் துடுப்பால் தூக்கிப் பிடித்துக்கொண்டே தெருவுக்குள் ஓட்டி வந்திருந்தார்கள். முதல் நடையில் எங்களில் ஒன்பது பேரை ஏற்றினார்கள். தெரு முனையில், நீருக்குள் மூழ்கிக் கிடந்த இரும்புக் கேட்டின் கூர்முனையில் படகு ஏறிவிட்டது. அந்தக் கிழியும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. படகை ஓட்டிய அந்த மீனவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஓட்டையில் திணித்து, அதன்மேல் குதிகாலை ஊன்றிக்கொண்டார். என் மனைவியின் கையிலிருந்த தூக்குவாளியைக் காட்டி, தண்ணீரை இறைத்துக்கொண்டே வாருங்கள் அம்மா என்று மட்டும் சொன்னார். எங்களைக் கரையில் இறக்கியபின், அதே ஓட்டையோடு அன்று இன்னும் ஏழு நடை போனார்.

அந்தப் படகு முழுமையாகச் சரியாகவே இல்லை. கையில் இருந்த பணத்துக்கு ஒட்டுப்போட்டார். ஒட்டு ஓராண்டு தாங்கியது. இப்போது கடலில் அலை சற்று எழும்பினால் அடியில் கசிகிறது. சேற்றுநீர் குடித்த எஞ்சினுக்குக் கடன் வாங்கிச் செலவழித்தார், அந்தக் கடன் இன்னும் அடையவில்லை. தொழிலுக்குப் போகும் மூன்று பேரில் ஒருவர், வலையைத் தொடாமல் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதிலேயே பொழுதைக் கழிக்கிறார். ஆழத்துக்குப் போகப் பயந்து கரையோரமாகவே வலை விடுகிறார்கள். அடிப்பகுதியை முழுதாகச் செப்பனிட 45,000 ரூபாய் ஆகும் என்று ஃபைபர் வேலை செய்பவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஓர் அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்தார். இரண்டு முறையும் வேறு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். இந்தக் கரையில் மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு விழா வைத்திருந்தால் யாருக்கும் ஒரு நாள் பிழைப்பு கெட்டிருக்காது. உங்களுக்கு ஞாயிறு வியாபாரம் முக்கியம் என்பது புரிகிறது, ஆனால் அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காலை 9 மணிக்கு வரச் சொன்னீர்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி பன்னிரண்டரை. அதுவரை அவர்களுக்கு ஒரு தேநீர்கூடத் தரப்படவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டோம். கேடயம் கொடுத்தபின் தொகுப்பாளர் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். மேடையே ஏறியறியாத மனிதர், நன்றி என்றார். பிறகு, படகின் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதற்கு யாராவது வழி செய்தால் நன்றாக இருக்கும் என்று தொடங்கினார். அவ்வளவுதான். விருந்தினர் புறப்பட வேண்டும் என்று சொல்லி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். அவர் வெறும் கையை மார்புக்கு நேரே வைத்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு புகைப்படக்காரர் சொன்ன இடத்துக்கு நகர்ந்தார். மறுநாள் அந்தப் படம் உங்கள் பண்டிகைத் தள்ளுபடி விளம்பரப் பலகையில் இருந்தது. அதற்கும் அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஐயா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் படகைச் செப்பனிட்டுக் கொடுங்கள். அவரை வீரர் என்று உங்கள் பலகையே சொல்கிறது. அந்த வீரத்தில் உடைந்த பொருள் அது.

இது புதிய யோசனையும் இல்லை. 2018 வெள்ளத்தில் மீட்புக்குப் போன மீனவர்களின் படகுகளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகவும், சேதமான படகுகளைச் சரிசெய்து கொடுப்பதாகவும் கேரள அரசு அப்போதே அறிவித்தது. பாராட்டும்போதே இழப்பையும் கேட்டார்கள். நம்மிடம் அந்தப் பழக்கம் வரவில்லை. பள்ளி விழாவானாலும் சங்க விழாவானாலும் கேடயம், பொன்னாடை, புகைப்படம் இம்மூன்றோடு கடன் தீர்ந்ததாக எண்ணிவிடுகிறோம். நானும் முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூட மேடைகளில் அதையே செய்தவன். ஊருக்காக ஓடியவனிடம் உனக்கு என்ன செலவாயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. நம் 2023 வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நின்றுபோனபோது, தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்க, பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள் புதுக்குடி மக்கள். அந்த அரிசி யார் வீட்டு அரிசி, பிறகு அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று யார் விசாரித்தோம்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். எல்லாருடைய கணக்கையும் உங்கள் தலையில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. உங்களால் முடிந்த ஒன்றை மட்டும் பணிவோடு கேட்கிறேன். அந்தப் படகைச் செப்பனிட்டுக் கொடுங்கள். பணமாகக் கொடுத்தால் அவர் கூச்சப்பட்டு மறுக்கக்கூடும். வேலை செய்பவரிடம் நேரடியாகக் கட்டிவிடலாம். இதற்கு மேடை வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். அவர் சம்மதிக்கும்வரை அந்த விளம்பரப் பலகையையும் இறக்கி வையுங்கள்.

செலவுக் கணக்கு எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. மாலை வேளைகளில் வீட்டில்தான் இருப்பேன், உங்கள் மேலாளருக்கு வழி தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடற்கரைக்கே அழைத்துப் போகிறேன். அன்று படகைக் கரையில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒட்டு விட்ட இடத்தை நீங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
அந்தப் படகில் ஏறிக் கரை சேர்ந்தவர்களில் ஒருவன்,
ஏரல்.