அஞ்சலையம்மாள் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் என் பேத்திக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி, தலைப்பு சுதந்திரப் போராட்ட வீராங்கனை கடலூர் அஞ்சலையம்மாள். டீச்சர் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தை என் கையில் திணித்துவிட்டு, "தாத்தா, நான் சொல்றேன், விட்டுப்போனா எடுத்துக் கொடு" என்று எதிரே நின்றாள். கோடு போட்ட தாள், பச்சை மை. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய வெள்ளைக்கார அதிகாரி நீலின் சிலையை எடுக்கச் சொன்ன போராட்டம் இருந்தது, சிறை இருந்தது, காந்தியைப் பார்க்க பர்தா போட்டுக்கொண்டு குதிரை வண்டியில் போன கதையும் இருந்தது. அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்ததற்குக் கடைசிப் பக்கத்தில் அரை வரி: "பதவிகளும் வகித்தார்." அவ்வளவுதான்.

டீச்சரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டி மாநாட்டில் ஒரு புதுக்கட்சி அவரைத் தன் வழிகாட்டிகளில் ஒருவராக அறிவித்தபோது ராத்திரியெல்லாம் என் போனில் வந்து விழுந்ததும் இதே பர்தா, இதே ஜெயில்தான்.

அதெல்லாம் சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. 1890-ல் கடலூர் முதுநகரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற ஒரு பெண், 1927-ல் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கையில் பிடித்துக்கொண்டு சென்னை மவுண்ட்ரோடு போய் நீல் சிலையை எடு என்று நின்றிருக்கிறார். அப்புறம் வயிற்றில் பிள்ளையோடு வேலூர் சிறை, பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள், பெற்றெடுத்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார், அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்றே பெயர் வைத்தார். அழாமல் படிக்க முடியாது, சரி. ஆனால் அந்த நீல் சிலை எப்போது அந்த இடத்தை விட்டுப் போனது தெரியுமா? 1937-ல், ராஜாஜி ஆட்சி வந்த பிறகு. அந்த ஆட்சியைக் கொண்டுவந்த தேர்தலில் ஜெயித்து, சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தவர் அஞ்சலையம்மாள். சபையில் இருந்த 215 இடங்களில் பெண்களுக்கு ஒதுக்கியது வெறும் 8. 1939-ல் போரைக் காரணமாகக் காட்டி அமைச்சரவை விலகியதோடு அந்தச் சபைக்கு வேலை இல்லாமல் போனது. 1946-ல் மறுபடியும் நின்று ஜெயித்தார்.

நான் பொதுப்பணித்துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எனக்கு ஜெயிலைவிட வாய்க்கால்தான் பெரிதாகத் தெரிகிறது. தீர்த்தாம்பாளையம் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் தவித்தபோது, வீராணம் ஏரிக் கால்வாயிலிருந்து புதுச்சத்திரம் வழியாக ஒரு கிளை வாய்க்கால் வர ஏற்பாடு செய்தவர் அவர். அஞ்சலை வாய்க்கால் என்றே அதற்குப் பெயர். ஒரே வரியில் எழுதிவிடலாம், வெட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். முதலில் மட்டம் பார்க்க வேண்டும், ஒரு சாண் தப்பினால் தண்ணீர் பின்னால் ஓடும். யார் நிலத்தில் வெட்டுவது என்று சண்டை வரும். மேல்மடைக்காரன் தன் பங்கு குறையும் என்று மனு போடுவான், கடைமடைக்காரன் எனக்கு எப்போது வரும் என்று நிற்பான். இன்றைக்கு ஒரு எம்.எல்.ஏ.வுக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது, எஸ்டிமேட் போட்டுக் கையெழுத்து வாங்கினால் போர்டில் பெயரோடு திறப்பு விழா. அன்றைக்கு அப்படி ஒரு நிதியே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து ஃபைல் முறையில், அஞ்சாம் கிளாஸ் படித்த ஒரு அம்மா என்ஜினியர்களைக் கட்டி இழுத்து வேலை வாங்கியிருக்கிறார் என்றால் எத்தனை தடவை நடந்திருப்பார், எத்தனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு ஓரளவு கணக்குப் போட முடியும். வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போவது எல்லோருக்கும் தெரியும், நம் கரையோரத்துக்குக் கொண்டுவரப் பல வருஷம் முன்னாலேயே பாடுபட்டவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

முதுநகர் காந்தி பூங்காவில் சிலை வைத்தார்கள், நல்ல காரியம். கூட இரண்டு வேலை செய்ய வேண்டும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் பேசியது, கேட்டது என்று என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் தேடித் தொகுத்து, சட்டமன்றப் பேரவைச் செயலகம் ஒரு சின்னப் புத்தகமாகப் போட வேண்டும். மாவட்ட நிர்வாகம் அந்த வாய்க்கால் ஓரத்தில் ஒரு பலகை நட வேண்டும், யார் கொண்டுவந்தது, எந்த ஊருக்காக என்று மட்டும் இருந்தால் போதும், இப்போது பதவியில் இருப்பவர்களின் படம் வேண்டாம்.

பேத்திக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வாய்க்காலைப் பற்றி நான் பென்சிலில் சேர்த்துக் கொடுத்த ஆறு வரியைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஊழியர்,
கடலூர் முதுநகர்