பொயிலரின் பிழைக்குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். குளிர் இறங்கத் தொடங்கியதும் இலண்டனின் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ற்ஹாம், ரூற்றிங் என்று எம்மவர் செறிந்து வாழும் பகுதிகளிலிருந்து, காஸ் பொறியாளராகத் தொழில் செய்யும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே விதமாகவே தொடங்குகின்றன. வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுவிட்டது, ரீசெற் பொத்தானை அழுத்திப் பார்த்தோம், சற்று நேரம் ஓடி மீண்டும் நின்றுவிட்டது என்பார்கள். திரையில் என்ன குறியீடு இருந்தது என்று கேட்டால், அழுத்தியதும் மறைந்துவிட்டது என்பதே பதிலாக இருக்கும். பழுதைக் கண்டறிய உதவும் முதல் தடயம் அந்தக் குறியீடுதான். அதைப் படிக்கவும் அதன் எல்லையை உணரவும் உங்கள் வாசகர்கள் பழகிக்கொண்டால், வயதானவர்களும் குழந்தைகளும் குளிரில் விறைத்திருக்கும் நாட்கள் குறையும் என்ற நம்பிக்கையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொயிலருக்குள் நீரின் அமுக்கம், போகும் நீரின் வெப்பநிலை, திரும்பி வரும் நீரின் வெப்பநிலை, விசிறியின் வேகம், சுவாலை எரிகிறதா என்பன போன்றவற்றை ஓயாமல் கவனிக்கும் உணரிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று எதிர்பார்த்த அளவைத் தராதபோது, கட்டுப்பாட்டுப் பலகை காஸை நிறுத்திவிட்டு, தான் காணாதது எது என்பதை ஓர் எழுத்தும் எண்ணுமாகத் திரையில் காட்டுகிறது. ஆகவே குறியீடு கூறுவது ஓர் அறிகுறியை மட்டுமே; எந்தப் பாகம் உடைந்தது என்பதை அது கூறுவதில்லை. வைலன்ற் நிறுவனத்தின் பொயிலரில் ‘எஃப் 28’ என்று தோன்றினால், தீ மூட்ட முயன்றும் சுவாலை தென்படவில்லை என்றுதான் பொருள். அதற்குக் காஸ் வராதது காரணமாக இருக்கலாம். மின்பொறி தரும் முனை தேய்ந்திருக்கலாம். காஸ் வால்வு திறக்காதிருக்கலாம். பொயிலரிலிருந்து வெளியே செல்லும் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். இந்த நான்கும் ஒரே குறியீட்டையே தரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குறியீடுகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை அல்ல. ஐடியல் லொஜிக் வகையில் ‘எஃப் 1’ என்பது நீர் அமுக்கம் குறைந்ததைக் காட்டும். வைலன்றில் அதே ‘எஃப் 1’ திரும்பி வரும் நீரின் வெப்பநிலை உணரியில் இணைப்பு அறுந்ததைக் காட்டும். நண்பர் வீட்டில் கேட்டதை வைத்து நம் வீட்டுப் பொயிலருக்குத் தண்ணீர் ஏற்றப் போவது எவ்வளவு தவறு என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். மேலும், திரையில் தோன்றும் எல்லாமே பழுதுகளும் அல்ல. வைலன்றில் ‘எஸ்’ என்று தொடங்குபவை பொயிலர் அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்கும் வேலையை மட்டுமே சொல்கின்றன. ‘எஸ் 4’ என்றால் அறைகளைச் சூடாக்கும் றேடியேற்றர்களுக்காகவும், ‘எஸ் 14’ என்றால் குழாய்ச் சுடுநீருக்காகவும் தீ எரிகிறது என்பதே பொருள். இதைப் பழுது என்று எண்ணி இரவில் பதறுகிற முதியவர்கள் பலர். குறியீட்டையும் பொயிலரின் முழுப் பெயரையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்தால், நிறுவனத்தின் கைநூலில் சரியான விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கைநூல் தொலைந்திருந்தால் நிறுவனங்களின் இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

வீட்டிலிருப்போர் தாமாகவே சரிசெய்யக்கூடியவற்றுள் முதன்மையானது அமுக்கக் குறைவு. வைலன்றில் ‘எஃப் 22’, ஐடியல் லொஜிக்கில் ‘எஃப் 1’, பக்ஸியின் பல வகைகளில் ‘ஈ 119’ ஆகியவை இதையே குறிக்கும். பொயிலர் குளிர்ந்திருக்கும்போது அமுக்கமானி 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். முள் அதற்குக் கீழே இறங்கியிருந்தால், பொயிலரின் அடியில் வெள்ளி நிறப் பின்னலுறை போட்ட சிறு குழாயொன்று இருக்கிறதா என்று பாருங்கள். சில வகைகளில் அதற்குப் பதிலாக ஒரு சாவியோ நெம்புகோலோ இருக்கும். பொயிலரை நிறுத்தி ஆறவிட்டு, அக்குழாயின் வால்வுகளை மெதுவாகத் திறந்து, முள் 1.5 பாரை எட்டுவதற்குள் இரண்டையும் இறுக மூடிவிட வேண்டும். ஒன்றை அரைகுறையாக மூடினாலும் வீதிக் குழாய் நீர் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும்; அமுக்கம் 3 பாரை எட்டும்போது பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்ச் செப்புக்குழாய் வழியே நீரைக் கொட்டும்.

ஒருமுறை நிரப்பியது மாதக் கணக்கில் நிலைத்தால் கவலைப்பட வேண்டியதில்லை. வாரந்தோறும் நிரப்ப வேண்டியிருந்தால் அது கட்டாயம் கவனிக்க வேண்டிய விடயம். எம்மவர் வீடுகளில் நான் அதிகம் காணும் அலட்சியமும் இதுதான்: தண்ணீர் ஏற்றுவதையே வழக்கமாக்கிக்கொண்டு ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள். புதிய நீர் ஒவ்வொரு முறையும் புதிய ஒக்சிசனைக் கொண்டுவருகிறது. அது றேடியேற்றர்களை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்கிறது. துருவைத் தடுப்பதற்காகச் சேர்த்திருக்கும் இரசாயனமும் நாளடைவில் நீர்த்துப்போகிறது. கறுப்புச் சேறாகப் படியும் அந்தத் துரு வெப்பப் பரிமாற்றியையும் நீரேற்றியையும் அடைத்துவிட்டால், பின்னர் வரும் செலவு ஒரு கசிவைத் திருத்தும் செலவைவிடப் பன்மடங்காகும். கசிவு எங்கே என்று தேடும்போது ஒரு குறிப்பு உதவும். பொயிலர் சூடாகும்போது முள் 3 பாரை நோக்கி விரைந்து ஏறி, ஆறியதும் பூச்சியத்துக்கு இறங்கினால், குழாய்களில் ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. சூட்டில் விரியும் நீருக்கு இடம் தருவதற்காகக் காற்றடைத்து வைத்திருக்கும் விரிவுக்கலன் தன் காற்றை இழந்திருக்கலாம். அப்படியானால் பாதுகாப்பு வால்வின் வழியாகவே நீர் போய்க்கொண்டிருக்கும். வெளிச்சுவரில் அந்தச் செப்புக்குழாயின் முனை நனைந்திருக்கிறதா என்று பார்த்துப் பொறியாளரிடம் சொன்னால் அவருடைய வேலை பாதியாகக் குறையும்.

அடுத்தது தீ மூளாமை. வைலன்றின் ‘எஃப் 28’, வூஸ்ரர் பொஷ் கிறீன்ஸ்ரார் வகைகளின் ‘ஈஏ’, ஐடியல் லொஜிக்கின் ‘எல் 2’, பக்ஸியின் ‘ஈ 133’ யாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை தோன்றியவுடன் பார்க்க வேண்டியது மீற்றரை. முற்பணம் செலுத்தும் மீற்றர் உள்ள வீடுகளில், குறிப்பாக வாடகைக்கு அறை எடுத்திருக்கும் மாணவர்களின் வீடுகளில், காசு தீர்ந்து காஸ் நின்றிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காசு ஏற்றிய பின்னரும் சில மீற்றர்களில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் காஸ் மீண்டும் திறக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனையே. ஆனால் அடுப்பு எரிவதால் மட்டும் பொயிலருக்குப் போதிய காஸ் வருகிறது என்று முடிவுகட்ட முடியாது. அடுப்பின் ஒரு வளையம் எடுப்பது ஒன்றிரண்டு கிலோவாற் மட்டுமே. உடனுக்குடன் சுடுநீர் தரும் கொம்பி பொயிலரோ 24 கிலோவாற்றும் அதற்கு மேலும் எடுப்பது. குறைந்த அமுக்கத்தில் அடுப்பு எரியும், பொயிலர் எரியாது.

பனி உறையும் நாட்களில் இதே குறியீடுகளுக்கு இன்னொரு காரணம் முன்னே வந்துவிடுகிறது. 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தப்படும் காஸ் பொயிலர்கள், சில விலக்குகள் தவிர, புகையிலுள்ள நீராவியை ஒடுக்கி நீராக்கி அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் வகையாகவே இருக்க வேண்டும். அப்படி ஒடுங்கும் சற்று அமிலத்தன்மையுள்ள நீர், ஒரு பிளாஸ்ரிக் குழாய் வழியே கழிவுநீர்க் கால்வாய்க்குப் போகிறது. அந்தக் குழாய் குறுகலானதாகவும் வீட்டுக்கு வெளியே நீண்டு செல்வதாகவும் இருந்தால், கடுங்குளிரில் அதனுள் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். நீர் பின்னோக்கித் தேங்கி, தீ மூளவிடாமல் தடுக்கும். 2010 டிசம்பரில் பிரித்தானியா முழுவதும் உறைந்து கிடந்தபோது எண்ணற்ற வீடுகளில் பொயிலர்கள் நின்றதற்கு இதுவே பெரிய காரணம். பொயிலரிலிருந்து களகளவென்ற சத்தம் வருவது இதன் அடையாளம். தரையில் நின்றபடியே எட்டக்கூடிய உயரத்தில் குழாய் இருந்தால், சுடுநீர்ப் பையை அதன்மேல் வைத்தோ, வெதுவெதுப்பான நீரை ஊற்றியோ உருக்கலாம். கொதிநீர் கூடாது; பிளாஸ்ரிக் வெடித்துவிடும். ஊற்றிய நீர் நடைபாதையில் உறைந்து யாரையும் வழுக்கி விழுத்தாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நிரந்தரத் தீர்வு, அந்தக் குழாயை வீட்டுக்கு உள்ளேயே கொண்டுசெல்வது. முடியாதவிடத்து வெளியே செல்லும் பகுதியை 30 மில்லிமீற்றர் உள்விட்டத்துக்குக் குறையாமல் அகலமாக்கி, மழையில் ஊறாத உறையால் போர்த்துவது.

ரீசெற் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. காரணத்தை நீக்கிய பின் ஒருமுறை அழுத்துவது முறையானது. காரணம் அறியாமல் திரும்பத் திரும்ப அழுத்துவது, பாதுகாப்புக்காக நின்ற ஒன்றை அந்தப் பாதுகாப்பை மீறி ஓடச் சொல்வதாகும். ஐடியல் லொஜிக் பொயிலர்களில் 15 நிமிடத்துக்குள் 5 முறை ரீசெற் செய்தால் ‘எல் 5’ என்ற வேறொரு பூட்டுக் குறியீடே வந்துவிடும். முதலில் வந்தது என்ன என்பதைப் பின்னர் வீட்டுக்காரரால் சொல்லவும் முடியாது.

பொயிலரின் முன்மூடியைக் கழற்றுவதை யாரும் முயலக்கூடாது. பல வகைகளில் அந்த மூடியே புகை வீட்டுக்குள் வராமல் காக்கும் அடைப்பின் ஒரு பகுதி. பொயிலரில் காஸ் தொடர்பான வேலையைக் தகுதி பெற்ற காஸ் பொறியாளர்களின் பதிவேடான காஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவரே செய்யலாம். 2009 ஏப்ரல் 1 முதல், முன்பிருந்த கோர்கி என்ற பதிவேட்டின் இடத்தில் இயங்குவது இந்தப் பதிவேடுதான். வருபவரிடம் அந்தப் பதிவேட்டின் அட்டையைக் கேட்பது அவமரியாதை அல்ல. தெரிந்த பிள்ளை, ஊர்ப் பிள்ளை என்பதற்காக அதைக் கேட்காமல் விடாதீர்கள். அட்டையின் பின்புறத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பதும் இருக்கும். காஸ் மணந்தாலோ, காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் தலைச்சுற்றலும் குமட்டலும் வந்தாலோ, குறியீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மின்விசைகளைத் தொடாமல் கதவு யன்னல்களைத் திறந்து, முடிந்தால் மீற்றரருகே காஸை மூடி, வெளியேறி, 0800 111 999 என்ற அவசர இலக்கத்தை அழையுங்கள்.

என்னை வருத்தும் இன்னொரு வழக்கம், தொலைபேசியில் குறியீட்டைக் கேட்டவுடனேயே பாகத்தின் விலையைச் சொல்வது. வைலன்றின் ‘எஃப் 75’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரேற்றி தொடங்கும்போது அமுக்கத்தில் எதிர்பார்த்த மாற்றம் தென்படவில்லை என்பதே அதன் பொருள். அமுக்க உணரி சேறடைத்திருக்கலாம், நீரேற்றி தளர்ந்திருக்கலாம், விரிவுக்கலன் காற்றிழந்திருக்கலாம். எதையும் அளக்காமல் மின்சுற்றுப் பலகையை மாற்றச் சொன்னால், என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். நேர்மையான பொறியாளர் யாரும் அந்தக் கேள்வியால் மனம் நோகமாட்டார்.

இறுதியாக, வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்களுக்கு. 1985 ஆம் ஆண்டின் நிலவுடைமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, சூடாக்கும் அமைப்பையும் சுடுநீர் அமைப்பையும் பழுதின்றி வைத்திருப்பது பொதுவாக உங்கள் கடமை. 1998 ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், உங்களுக்குச் சொந்தமான காஸ் கருவிகளை ஆண்டுக்கொருமுறை சோதிப்பித்து, 28 நாட்களுக்குள் அதன் பதிவைக் குடியிருப்பவரிடம் கொடுக்கச் சொல்கின்றன. அந்தச் சோதனையும், பொயிலரைத் திறந்து துப்புரவாக்கிப் பராமரிக்கும் சேவையும் ஒன்றல்ல. சான்றிதழ் இருக்கிறது என்பதற்காகச் சேவையைத் தவிர்க்காதீர்கள். பொயிலரின் கைநூலையும், அழைக்க வேண்டிய இலக்கத்தையும், அமுக்கக் குறைவுக்கும் தீ மூளாமைக்கும் அந்தப் பொயிலர் காட்டும் குறியீடுகளையும் தமிழில் எழுதிப் பொயிலருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனித்திருக்கும், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த ஒரு தாள் மிகப் பெரிய உதவி.

ஆசிரியர் அவர்களே, ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபர் மாத இதழொன்றில், வெட்டி ஒட்டக்கூடிய அளவில் இத்தகைய ஒரு பட்டியலை உங்கள் பத்திரிகை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பரவலாக உள்ள பொயிலர் வகைகளின் குறியீடுகளை அவற்றின் கைநூல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தர, ஊதியம் எதுவுமின்றி, நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
காஸ் பொறியாளர் ஒருவர்,
ஹரோ, இலண்டன்