பத்துப் பாட்டும் சரி, எழுதியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024-இன் சிறந்த பத்துப் பாட்டு என்று சென்ற இதழில் வந்த பட்டியலைப் படித்தேன். படத்தின் பெயர் இருக்கிறது, இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது, நடிகர் படம் பெரிதாக இருக்கிறது. எழுதியவர் பெயர் ஒன்றுக்குக்கூட இல்லை. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

கோபிசெட்டிபாளையத்தில் ரொம்ப வருஷம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். 60 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷம். ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. 'ஏ' பக்கம் முடிகிற இடத்தில் ஒன்றரை நிமிஷம் மிச்சம் விழும். அதில் ஒரு பாட்டைத் தொடங்கிப் பாதியில் வெட்ட எனக்கு மனம் வராது. பின்னணி இசைத் துண்டு ஒன்றைத் தேடிப் போட்டு நிரப்புவேன். அப்புறம் உள் அட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேராகப் படம், பாடியவர், எழுதியவர் மூன்றையும் நீல மையில் எழுதிக் கொடுப்பேன். "வாலி எழுதுனது மட்டும் ஒரு கேசட் போட்டுக் குடுங்ணா" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. கடை போய்விட்டது. ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அப்படிக் கேட்டதில் எனக்கு முதல் இடம் 'மெய்யழகன்'. கோவிந்த் வசந்தாவின் இசையில் கமல்ஹாசன் பாடிய 'யாரோ இவன் யாரோ' ஓடிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் படுத்திருந்த எங்கம்மா எழுந்து உட்கார்ந்து, "இதாரு சாமி பாடறது?" என்றார். பாடியவரைச் சொன்னேன். எழுதியவர் உமாதேவி என்றும் சொன்னேன். அதே வருஷம் 'தங்கலான்' படத்தில் 'மினுக்கி மினுக்கி' எழுதியதும் அவர்தான். யாரென்றே நினைவுக்கு வராத ஒருவன் காட்டுகிற பாசத்தில் ஒரு மனிதன் திணறுவது ஒரு பாட்டு. முதல் தடவை ரவிக்கை போட்ட பெண்களின் பூரிப்பு இன்னொரு பாட்டு. இரண்டும் ஒரே கையில் பிறந்தவை என்று தெரிந்த பிறகு திரும்பக் கேட்டுப் பாருங்கள், பாட்டே வேறாகக் கேட்கும். உங்கள் பட்டியலில் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அடுத்தது 'வாழை'. சந்தோஷ் நாராயணன் இசையில் யுகபாரதி எழுதி, பாடகி தீ பாடிய 'தென்கிழக்கு' எனக்கு மிகவும் நெருக்கம். எங்கள் தடப்பள்ளி வாய்க்கால் பக்கமும் வாழைதான். தார் சுமந்து வருகிறவர்களின் சும்மாட்டுத் துணியில் வாழைக்கறை கறுத்துப் போயிருக்கும், எத்தனை வெளுத்தாலும் போகாது. அந்தத் துணி ஞாபகம் வராமல் இந்த ஆல்பத்தை என்னால் கேட்க முடிவதில்லை.

இளையராஜாவுக்கு அந்த ஒரே வருஷத்தில் 'ஜமா'வும் 'விடுதலை' இரண்டாம் பாகமும் வந்தன. 'விடுதலை'யின் 'மனசுல' பாட்டில் கர்நாடக இசைப் பாடகர் சஞ்சய் சுப்பிரமணியன் குரலைக் கேட்டு, கச்சேரிப் பக்கமே போகாத என் நண்பர் ஒருவர் யார் இவர் என்று விசாரித்தார். ஷான் ரோல்டனின் 'லப்பர் பந்து' பஸ் பயணத்துக்கு நல்ல துணை.

அப்புறம் ஆல்பக் கணக்கில் வராத ஒன்று. அந்த வருஷம் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா எங்கள் கோவைப் பக்கத்துக்காரர். ஆண்கள் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மி என்ற நாட்டுப்புற ஆட்டத்தில் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்துச் சேர்த்தவர். எங்கள் ஊர் நோம்பியில் (கோயில் திருவிழாவில்) நடந்த கும்மியை நாற்பது நிமிஷம் செல்போனில் பதிந்து வைத்திருக்கிறேன். வாத்தியார் ஒரு அடி பாட, பெண்கள் வாங்கிப் பாட, சலங்கை ஒரே சீராக விழுகிறது. நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. சினிமா ஆல்பங்களுக்குச் சமமாகவே இதையும் கேட்கிறேன். இந்தக் கலைகளுக்கும் உங்கள் இதழில் ஒரு பக்கம் வேண்டும்.

இப்போதைக்கு நான் கேட்பது சின்ன விஷயம். அதே பத்துப் பாட்டையும் எழுதியவர், பாடியவர் பெயர்களோடு அடுத்த இதழில் இன்னொரு முறை போடுங்கள். பத்து வரி இடம் போதும். பெயர்களைத் தேடி எடுக்க ஆள் வேண்டுமென்றால் நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோபிசெட்டிபாளையம்