எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும் முன் எதிர் ஜன்னலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினால் புழுக்கம் போய்விடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை நம்பிக் கடைக்குப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் போனேன்.

நங்கநல்லூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பதினொரு மணிக்கும் தலைக்கு மேல் அனல் வீசும். கூரையில் சுழலும் மின்விசிறி அதே சூட்டைத்தான் திரும்பத் திரும்ப முகத்தில் கொண்டுவந்து போடும். வியர்வை உலர்வதால் உடம்புக்குச் சற்று இதம் கிடைக்குமே தவிர, அறையின் சூடு துளியும் இறங்காது. 78 வயதான என் அம்மா விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்த இரவுகள் உண்டு. பார்க்கப் பொறுக்காமல், சமையலறையின் மேற்கு ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு 12 அங்குல ஃபேன் பொருத்தச் சொன்னேன். பொருத்த வந்தவர், எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாத்தினோம். அன்றிரவு வீடு முழுவதும் கழிவறை நாற்றம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஃபேன் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். நாம் வழி விடாவிட்டால் அதுவே வழி தேடிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்தவை கழிவறை ஜன்னல் திறக்கிற டக்ட்டும் (குழாய்கள் இறங்கும் குறுகிய சந்து), அடியில் நாற்றத்தைத் தடுத்து நிற்கும் தண்ணீர் வற்றிக் கிடந்த குளியலறைத் தரை ஜாலியும்தான்.

மறுநாள் கழிவறைக் கதவைச் சாத்தி, ஜாலியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அம்மா படுக்கும் கிழக்கு அறையின் ஜன்னலை மட்டும் திறந்துவைத்தேன். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் கம்பியருகே பிடித்தேன். புகை ஒரே இழையாக உள்ளே வந்து, கட்டிலைத் தாண்டி, கூடம் வழியாகச் சமையலறைக்குள் போய் மறைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காற்று நல்லதாயிற்றே என்று எல்லா ஜன்னல்களையும் திறந்துவைப்பதும் தவறு. அப்போது ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்தே அது இழுத்துக்கொள்ளும்; தூரத்து அறைக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த அறைக்குக் காற்று வேண்டுமோ அந்த அறையின் ஜன்னலைத் திறக்க வேண்டும். அறைக் கதவும் திறந்திருக்க வேண்டும்.

திசையும் முக்கியம். சென்னையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அது நுழையும் பக்கத்தை வாயிலாக விட்டு, எதிர்ப்பக்கத்தில் ஃபேனை வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. காற்றை எதிர்த்துத் தள்ளும் ஃபேன் திணறும். ஆடியில் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் நான் ஃபேனை நிறுத்திவிட்டு மேற்கு ஜன்னல்களைத் திறந்துவிடுகிறேன்.

நேரம் அதைவிட முக்கியம். கத்திரி வெயிலில் நண்பகல் ஃபேனை ஓட்டினால் தெருவின் அனலைக் காசு கொடுத்து உள்ளே அழைக்கிறோம் என்று பொருள். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானிகள் இரண்டு வாங்கி, ஒன்றைக் கூடத்திலும் மற்றதைப் பால்கனியிலும் வைத்திருக்கிறேன். வெளியே இருக்கும் சூடு வீட்டுக்குள் இருப்பதைவிடக் குறைந்த பிறகே ஃபேனை ஓட்டுவோம். மே மாதத்தில் பெரும்பாலும் அது இரவு ஒன்பதுக்கு மேல்தான். வெயில் ஏறும் முன் நிறுத்தி, ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுவோம். எங்கள் ஃபேன் 45 வாட். பத்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்கும் குறைவு.

கடைக்காரர்கள் இறக்கையின் அளவை மட்டுமே சொல்கிறார்கள். நாம் கேட்க வேண்டியது, மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்பதைத்தான். அது அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர் காற்று. சமையலறையில் அதை மணிக்கு 15 முறை மாற்ற 510 கன மீட்டர் வேண்டும். கொசுவலையும் பின்பக்கத் தகடுகளும் பாதையைக் குறுக்குவதால் சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள். இடமிருந்தால் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனே நல்லது. வேகமாகச் சுற்றும் சின்ன ஃபேனின் இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பலகையால் அடைக்காவிட்டால் தள்ளிய காற்றே அந்தச் சந்து வழியாகத் திரும்பி வரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஜன்னல் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகையை வெட்டி அதில் பொருத்திக்கொள்ளலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம்.

குளியலறையில் காஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டை மூடிவைத்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினால் கீசரின் புகை வெளியேறாமல் உள்ளே இழுக்கப்படலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, உயிரை எடுத்துவிடும்.

வீடு கட்டுகிறவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. எங்கள் படுக்கையறையில் இருப்பதோ நாலுக்கு நாலு அடி சறுக்கு ஜன்னல். அதிலும் ஒரு பாதி இன்னொரு பாதியின்மேல் நகர்வதால் திறப்பது எட்டுச் சதுர அடிதான். கட்டும்போதே சுவரின் மேல்பகுதியில் ஃபேனுக்கு ஓர் அடித் துவாரம் விட்டால் என்ன செலவாகிவிடும்?

அடுத்த இதழில் அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். "எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவைக்கவும்" என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை.