கடலைப் பார்த்து எரியும் விளக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை இரவு மகளோடு ஆமை நடைக்குப் போயிருந்தேன். கடலாமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்க, 1988 முதல் மாணவர்கள் சென்னைக் கடற்கரையில் வருடா வருடம் நடத்திவருவது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் இருக்கும். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன் கிளம்பி, தைப்பனியில் நடந்து, நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டார்ச் அடிக்கக் கூடாது, செல்போனை வெளியே எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கொட்டிவாக்கம் தாண்டியதும் முன்னால் போன தன்னார்வலர் கையைக் காட்டி நிறுத்தினார். அலை நனைத்த இடத்திலிருந்து மேட்டுக்கு, டிராக்டர் ஏறிப் போனது போல ஒரு தடம். பங்குனி ஆமை முட்டையிட்டுத் திரும்பிப் போயிருந்தது. கம்பியால் மெல்லக் குத்திப் பார்த்து, மண் இளகிய இடத்தில் கையாலேயே தோண்டினார். ஒரு முழ ஆழத்தில், பானை மாதிரி குழிக்குள், பிங்பாங் பந்து அளவில் முட்டைகள். என் மகள்தான் எண்ணினாள், 112. துணிப்பையில் எடுத்துப்போய்ப் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தார்கள். குஞ்சு வர 45 முதல் 55 நாள் ஆகுமாம்.

அங்கேயே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். நாய்கள் தோண்டிவிடும். அதோடு வெளிச்சம். இருட்டுக் கரையில் கடல்தான் பளிச்சென்று இருக்கும். குஞ்சுகள் அதைப் பார்த்தே ஓடும். கரையில் விளக்கெரிந்தால் சாலைப் பக்கம் போய், காய்ந்து செத்துவிடும். முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சமான கரைக்கு ஏறத் தயங்கும்.

அதற்கப்புறம் வழியெல்லாம் என் கண்ணில் விளக்குகள்தான் பட்டன. ஆளில்லாத தோட்டங்களில், மதில்மேல், கடலைப் பார்த்து விடிய விடிய எரிகின்றன. மீனவக் குப்பங்களைச் சொல்லவில்லை, படகு இறக்க அவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். 2025 ஜனவரியில் இதே கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிச் சாவதைத் தடுப்பது நம்மைப் போன்றவர்கள் கையில் இல்லை. மதில் விளக்கு நம் கையில்தான் இருக்கிறது.

ஜனவரி முதல் மே வரை, இரவு 11 மணியிலிருந்து 5 மணி வரை, கடலோர வீடுகளும் விடுதிகளும் கடல்பக்க விளக்கை அணைக்க வேண்டும். முடியாத இடத்தில் கீழ்நோக்கித் திருப்பி மூடியாவது போடலாம். எங்கள் குடியிருப்பில் பேசி, மொட்டை மாடி விளக்கை இந்த வாரத்திலிருந்து அணைக்கிறோம். பங்குனி வரை உங்கள் இதழில் வாரம் ஒருமுறை இதை நினைவூட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவான்மியூர்