ஒன்பதாம் வகுப்புக்கு பிபிடி கேட்ட தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. விடைத்தாள் கட்டுகள் தீராமல் வேறு எதையும் எழுத உட்கார முடியவில்லை. உன் மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியைப் படித்ததும் எனக்குத்தான் வயதாகிவிட்டது போலிருந்தது. இங்கே எல்லோரும் நலம், என் கண்ணாடி பவர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள், உன்னிடம் இருக்கும் பிபிடியை அனுப்பு என்று கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன். ஒரு ஹால், மூன்று பிரிவுப் பிள்ளைகள், மைக் பிடித்த ஒரு விருந்தினர், கடைசியில் எல்லோரும் கையை நீட்டி ஓர் உறுதிமொழி, ஒரு குரூப் போட்டோ. இதை நீயும் நானும் எத்தனை தலைப்புகளில் பார்த்துவிட்டோம்! கைதட்டி முடித்து வெளியே வந்தவுடன் அதே ஃபோன், அதே குரூப். உன் ஹெச்.எம்.மிடம் கெஞ்சியாவது வாரம் ஒரு பீரியட் வாங்கு, ஒரு பருவம் முழுக்க. கிடைக்காவிட்டால் மொழி வகுப்பிலிருந்து திருடிக்கொள். இது பாதி மொழிப் பாடம்தான்.

இந்த விஷயத்தில் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பிள்ளைகளுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும், வெறுப்பு தானாக அடங்கிவிடும். எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. வெறுப்புக்குப் பொய் கட்டாயம் கிடையாது. நிஜமாக நடந்த ஒரு குற்றம், நிஜமான ஒரு புகைப்படம், நிஜமான ஒரு காணொளி, இவற்றை வைத்துக்கொண்டே அது அழகாக வேலை செய்யும்.

நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். பலகையில் ஒரு தலைப்பை எழுதுவேன், நானே இட்டுக்கட்டியது: "கடைக்காரரைத் தாக்கிய நீலபுரத்துக்காரர் கைது". நீலபுரம் என்று ஓர் ஊர் கிடையாது, வேண்டுமென்றேதான் அப்படி. அதன் கீழே அடுத்தடுத்து மூன்று வரிகள்: "நீலபுரத்து ஆள் என்றால் இப்படித்தான்", "இவர்களை உள்ளே விட்டதுதான் தப்பு", "இவர்கள் இருக்கும் வரை நமக்குப் பாதுகாப்பில்லை". இப்போது பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுத்து, எந்த இடத்தில் ஒருவர் எல்லோராக மாறினார், அங்கே ஒரு கோடு போடு என்று சொல்வேன். பெரும்பாலும் முதல் பிள்ளை இரண்டாவது வரிக்கு மேலே கோடு போடும். அப்புறம் யாராவது ஒருத்தி எழுந்து வந்து தலைப்பிலேயே போடுவாள், "மிஸ், ஊர்ப் பேர் அங்க எதுக்கு?" என்று. அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி பாடம் முடிந்தது. ஊர்ப் பெயரை அழித்துவிட்டுப் படிக்கச் சொல்: "கடைக்காரரைத் தாக்கியவர் கைது". செய்தியில் எதுவும் குறையவில்லை. அப்படியானால் அந்தப் பெயர் யாருக்காக அங்கே இருந்தது? உண்மை சரிபார்க்கிறவர் இந்தத் தலைப்பைப் பார்த்தால் "சரியான தகவல்" என்றுதான் முத்திரை குத்துவார். கோளாறு தகவலில் இல்லை, அடுத்த வரிக்குத் தாவுகிற தாவலில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கண் பழக வேண்டும், அதற்குத்தான் வாரம் ஒரு பீரியட்.

நிஜச் சமூகம் எதையும் பலகையில் எழுதிவிடாதே. இணையத்தில் வந்த நிஜ வெறுப்புப் பதிவுகளை புரொஜெக்டரில் போட்டுக் காட்டும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும், நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவு யாரைத் திட்டுகிறதோ அந்தக் குழந்தையும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிட மோசம், "நீ சொல்லும்மா, உனக்கு எப்படி இருந்தது?" என்று அந்தக் குழந்தையையே எழுப்பிவிடுவது. அது தன் சமூகத்துக்கு வக்கீலாக வரவில்லை, கணக்கும் அறிவியலும் படிக்க வந்திருக்கிறது.

பொய்யைக் கண்டுபிடிக்கவே கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அதற்கும் இடம் உண்டு, முறையைத்தான் மாற்ற வேண்டும். தளம் பார்க்க நன்றாக இருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, முகவரி .ஆர்க் (.org) என்று முடிகிறதா என்று பட்டியல் போட்டுக் கற்றுத் தருகிறார்களே, அது இப்போது எதற்கும் உதவாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேரை உட்காரவைத்து இணையத்தளங்களை எடைபோடச் சொன்னார்கள்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். படித்தவர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் உருட்டிப் படித்து ஏமாந்தார்கள். உண்மை சரிபார்ப்பவர்களோ சில நொடிகளிலேயே அதை விட்டு வெளியேறி, புது டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். கவனமாகப் படி, முழுசாகப் படி என்று நாம் ஆயுசு முழுக்கச் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் முதலில் ஜீரணிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இதற்கு நான் சொல்லும் கதை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பெயரில் இருந்த ஒரு தளம். 1990-களின் கடைசியில் தொடங்கியது, அவருடைய முழுப் பெயரோடு .ஆர்க் முகவரி, பள்ளிக் குழந்தைகளை அழைத்து வினாடி வினா, பள்ளியில் விநியோகிக்கத் துண்டுப்பிரசுரம் எல்லாம் உண்டு. பல வருஷம் தேடுபொறியில் மேலேயே வந்துகொண்டிருந்தது. நடத்தியது யார் தெரியுமா? ஸ்டார்ம்ஃபிரண்ட் என்கிற வெள்ளை இனவெறிக் கும்பல். பக்கத்தின் அடியில் சின்னதாக அவர்கள் பெயரே இருந்தது. அதைத் தனியாகத் தேடிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் வெளிச்சமாகியிருக்கும். பிள்ளைகள் கட்டுரைப் பாடத்துக்கு அங்கிருந்து எடுத்து எழுதினார்கள். இதைச் சொன்னதும் வகுப்பில் ஓர் அமைதி வரும், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் அசைன்மென்ட் எழுதுகிறார்கள்.

அடுத்தது, "இது ஏன் எனக்கு வந்தது?" என்ற கேள்வி. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதில் அறிவுரை இல்லை, இயந்திரம் இருக்கிறது. 2017-இல் ஃபேஸ்புக், எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று முடிவுசெய்யும் கணக்கில், கோப முகம் உள்ளிட்ட எமோஜிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்திருந்தது, 2021-இல் வெளியான உள் ஆவணங்களிலிருந்து இது தெரியவந்தது. கோப முகத்தின் எடையைப் பிற்பாடு அவர்களே பூஜ்யமாக்கினார்கள். அதே 2017-இல் வில்லியம் பிரேடி என்ற ஆய்வாளரும் சகாக்களும் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து, அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு கூடுதல் சொல்லுக்கும் ஒரு பதிவு சுமார் 20 சதவீதம் அதிகமாகப் பரவுகிறது என்று காட்டினார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அப்படியானால் அந்தப் பதிவின் கீழே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்தாயே, நீ யாருக்கு வேலை செய்தாய்?" என்று கேட்டுப் பார். முகங்கள் மாறும். திட்டினாலும் அது கணக்கில் ஏறுகிறது. கண்டிப்பதற்காக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பதும் அப்படித்தான், எழுதியவனுக்குக் கிடைக்காத பார்வையாளர்களை நாம் இலவசமாகக் கொடுக்கிறோம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி வந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்த அம்புக்குறியை எத்தனை பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள் என்று கேட்டால் மூன்று நாலு கைகள்தான் தூக்கும்.

கஷ்டமான இடம் ஒன்று உண்டு, முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஒரு பையன் எழுந்து, "இதெல்லாம் சும்மா காமெடி மிஸ், மீம்தானே" என்பான். கண்டிக்காதே. அவன் சொல்வது நேர்மையான பேச்சு, மற்றவர்கள் மனசில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மீம் என்பதே தப்பித்துக்கொள்ள வசதியான வடிவம்தான்: சிரித்தால் ஜெயம், எதிர்த்தால் உனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை. அவனிடம் நான் கேட்பது, இந்த மீமில் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம், அந்த ஆள் செய்ததையா, அவர் பிறந்ததையா? செய்ததைப் பார்த்துச் சிரித்தால் தாராளமாகச் சிரிக்கட்டும். பிறந்ததைப் பார்த்து என்றால் அவனே யோசிக்க ஆரம்பிப்பான், எப்போதும் அல்ல, சில நேரம்.

மனிதர்களைப் பூச்சி, கிருமி, அழுக்கு என்று சொல்லும் மீம்களை மட்டும் நான் தனியாக எடுத்துப் பேசுவேன். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்கு முன்னும், நடந்தபோதும், ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி, அந்தப் படுகொலைக்கு இலக்கான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது ஸ்மார்ட்ஃபோனும் இல்லை, எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதமும் இல்லை. ஃபோனைப் பிடுங்கிவிட்டால் வெறுப்பு ஒழிந்துவிடும் என்று நினைக்கும் பெற்றோருக்கும் இதையே சொல்லலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாலு வாரம் இந்த வகுப்பு நடந்ததும் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் "இது வெறுப்புப் பேச்சு" என்று முத்திரை குத்தக் கிளம்புவார்கள். வாத்தியாரைப் பற்றிய கிண்டல், அரசாங்கத்தின் மீதான விமர்சனம், ஒரு மத நம்பிக்கையைக் கேள்வி கேட்பது எல்லாமே அதில் அடங்கிவிடும். அப்படி நடக்க விடாதே. வெறுப்புப் பேச்சுக்கு எதிராக 2019-இல் ஐ.நா. வகுத்த உத்தியில் அடிப்படை தெளிவாக இருக்கிறது: மதம், இனம், நாடு, நிறம், பிறப்பு, பாலினம் போன்ற அடையாளத்துக்காக ஒருவரையோ ஒரு குழுவையோ தாக்குவது, இழிவாகப் பேசுவது. கருத்தைத் தாக்குவது வேறு, ஆளைத் தாக்குவது வேறு. மேல் வகுப்பு என்றால், வெறுப்பைத் தூண்டும் பேச்சை எடைபோட ஐ.நா. வழியாக வந்த 2012 ரபாத் செயல்திட்டத்தின் ஆறு கேள்விகளையும் கொடு: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், எத்தனை பேருக்குப் போனது, அதனால் தீங்கு விளையும் வாய்ப்பு எவ்வளவு. நாலாவதும் ஐந்தாவதும் ஒரே கேள்வியாகத்தான் வரும், பிள்ளைகளுக்காக நான் பிரித்துவிட்டேன், அதனால் எண்ணிப் பார்த்து ஏழு என்று எழுதி அனுப்பாதே. ஒரே வாக்கியத்தைப் பத்துப் பேர் குரூப்பில் ஒரு பையன் சொல்வதும், பதற்றமான நேரத்தில் லட்சம் பேர் கேட்க ஒரு தலைவர் சொல்வதும் ஒன்றா என்று விவாதம் வைத்தால் பீரியட் போதாது, பெல் அடித்த பிறகும் சண்டை போடுவார்கள்.

அதேபோல, எதையும் நம்பாதே என்ற பாடமும் ஆபத்துதான். எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுக்கு வந்த பிள்ளைதான் "உண்மையை நாங்கள் மட்டும் சொல்கிறோம்" என்று வருகிறவனுக்கு முதலில் மாட்டும். அதனால் சரியான தகவல் எங்கே கிடைக்கும் என்பதற்கும் சம அளவு நேரம் ஒதுக்கு.

வெறுப்புப் பதிவு போடுகிறவர்களிடம் பதில் பேசலாமா என்று நீயே கேட்டிருந்தாய். முகம் தெரியாதவர்களோடு பிள்ளைகள் மல்லுக்கட்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் தெரிந்தவர்களிடம் பேசலாம், பேச வேண்டும். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் இனவெறிப் பதிவு போட்ட 1,350 ட்விட்டர் கணக்குகளைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு நகைச்சுவையாக, சிலருக்கு எச்சரிக்கையாக, சிலருக்கு "இது அவர்களுக்கு வலிக்கும்" என்ற தொனியில் பதில் அனுப்பிப் பார்த்தார்கள். கடைசி வகைக்குத்தான் பலன் தெரிந்தது, அதுவும் சின்ன அளவில். கெவின் மங்கர் என்ற ஆய்வாளர் 2017-இல் வெளியிட்ட சோதனையிலும், தன் இனத்தைச் சேர்ந்த, நிறையப் பேர் பின்தொடரும் ஒருவர் கண்டித்தபோதுதான் ஆட்கள் இனவெறிச் சொல்லைக் குறைத்தார்கள். நம் வகுப்புக்கு இதன் அர்த்தம் என்ன? கிரிக்கெட் டீம் கேப்டன் தனியாகக் கூப்பிட்டு "டேய், அத டெலிட் பண்ணிடு" என்று சொன்னால் நடப்பது, நீயும் நானும் மேடை போட்டுக் கத்தினாலும் நடக்காது. அந்த மாதிரி இரண்டு மூன்று பிள்ளைகளை முதலில் கண்டுபிடி.

கடைசியாக, தாக்கப்படும் பிள்ளை. மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக எனக்குத் தோன்றுவது இதுதான். வகுப்பில் பெரும்பாலோர் எழுதுகிறவர்களும் அல்ல, இலக்கும் அல்ல, குரூப்பில் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம்: அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு மெசேஜ், "பார்த்தேன், அவன் எழுதினது தப்பு, நாளைக்கு உன்கூட வர்றேன்". அப்புறம் கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பது, ரிப்போர்ட் செய்வது, பிளாக் செய்வது, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்வது. இந்த வரிசை முக்கியம். முதலில் பிளாக் செய்துவிட்டால் சாட்சி சில நேரம் கையைவிட்டுப் போய்விடும்.

அந்தப் பெரியவர் நீயாக இருந்தால், "நீ ஏன் அந்த குரூப்புக்குப் போனே?" என்று மட்டும் கேட்டுவிடாதடி. ஃபோனை வாங்கி வைக்காதே. அடி வாங்கியது அது, தண்டனையும் அதற்கா? ஒரு முறை அப்படி நடந்தால் அடுத்த முறை நம்மிடம் வராது, அதன் தோழிகளும் வரமாட்டார்கள். உட்காரவைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லி, முழுசாகப் படித்துவிட்டு, நான் என்ன செய்யணும்னு நீ நினைக்கிறே என்று கேள். எழுதியது உன் வகுப்புப் பையனாகவே இருந்தாலும் அவனையும் அவளையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்காதே, அந்தச் சடங்கால் நிம்மதி அடைவது ஆசிரியர்கள் மட்டும்தான்.

பெற்றோர் கூட்டத்துக்கு என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறாய். வருகிறேன், தேதி சொல். ஆனால் எனக்கு முன்னால் உன் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த நீலபுரத்துப் பலகையை அவர்களுக்கு நடத்தட்டும், சாக்பீஸை அப்பா அம்மாக்கள் கையில் கொடுக்கட்டும். குடும்ப குரூப்களில் காலையில் வந்து விழும் ஃபார்வர்டுகளை அவர்கள்தான் அனுப்புகிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி